சென்னை விடுதி உரிமையாளர்களுக்கு: கதவை அளந்து சொல்லுங்கள்

சென்னையில் தங்கும் விடுதிகள் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

மெரினாவில் ஒரு காலத்தில் மாற்றுத் திறனாளிகள் நாளையொட்டி மட்டும் மணலில் தற்காலிகப் பாதை போடுவார்கள். டிசம்பர் 3 வந்து போனதும் அதைப் பிரித்துவிடுவார்கள். பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. மாநகராட்சி மறுபடி சீரமைத்தது. மெட்ரோ நிலையங்களில் லிப்ட் இருக்கிறது. 2024 முதல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. அதற்கு உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பது வேறு கதை. ஆக, சக்கர நாற்காலியில் வரும் வெளியூர்க்காரர் அலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். அன்றிரவு எங்கே தங்குவது என்பதில்தான் சிக்கல். அதைத் தீர்ப்பது அரசின் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

அறை பதிவு செய்யும் முன் தொலைபேசியில் கேட்காமல், சக்கர நாற்காலியில் பயணிக்கும் நாங்கள் கிளம்புவதில்லை. பதில் எப்போதும் அன்பாகவே வரும்: "தாராளமாக வாருங்கள் சார், லிப்ட் இருக்கிறது." லிப்ட் இருப்பது உண்மைதான். வாசலிலிருந்து அந்த லிப்டுக்குப் போக நான்கு படி ஏற வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. "அதனால் என்ன சார், பையன்கள் தூக்கிவிடுவார்கள்" என்பார்கள். தூக்க வருகிறவர் நல்ல மனதோடுதான் வருகிறார். ஆனால் அவர் பிடிப்பது நாற்காலியின் கைப்பிடியை. பல நாற்காலிகளில் அது கழற்றி மாட்டும் கைப்பிடி. பாதிப் படியில் அது மட்டும் அவர் கையோடு போகும், நான் சாய்வேன்.

எப்படியோ அறைக்குள் போய்விட்டாலும் குளியலறை என்று ஒன்று இருக்கிறது. என் நாற்காலியின் அகலம் 65 சென்டிமீட்டர். நம் ஊர்க் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. பழைய விடுதிகளில் இரண்டடிதான். இரண்டரை அடி என்பதும் நிலையோடு சேர்த்த கணக்கு. நிலையின் மரச்சட்டம் ஒரு பக்கம், முழுதாகத் திறக்காத கதவின் தடிமன் ஒரு பக்கம் போக, மிஞ்சும் இடைவெளியில் நாற்காலியின் சக்கரம் உரசும். கீழே தண்ணீர் வெளியே வராமல் இருக்க இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு தடுப்பு. அதையும் தாண்டி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது, ஏனென்றால் அது உள்பக்கம் திறக்கும் கதவு, அந்த இடத்தில் நான் இருக்கிறேன். நட்சத்திர ஓட்டல் ஒன்றில் இதற்கென்றே தனி அறை இருந்தது. கூடுதல் மெத்தைகளை அதில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

சட்டம் உங்களையும் கட்டும். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே சொல்கிறது. மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை. மாற்றுத் திறனாளிகள் கட்டடத்துக்குள் தடையின்றி வந்து போவதற்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் வழக்கு போடுவேன் என்று மிரட்ட இந்த மடலை எழுதவில்லை. இடித்துக் கட்டும்படியும் இன்று கேட்கவில்லை.

ஒரு டேப் எடுத்து அளந்து, எண்களை வெளியிடுங்கள் என்கிறேன். வாசலில் எத்தனை படி, லிப்ட் கதவின் அகலம், அறைக் கதவின் அகலம், குளியலறைக் கதவை முழுதாகத் திறந்து வைத்தால் கிடைக்கும் இடைவெளி, தடுப்பின் உயரம், கட்டிலின் உயரம். அரை மணி நேர வேலை. உங்கள் இணையதளத்தில் நீச்சல் குளத்துக்குப் பத்துப் படம் இருக்கிறது. குளியலறை வாசலுக்கு ஒரு படம் போடுவதில் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை. அளவுகளை எழுதிய தாளின் நகலைத் தொலைபேசி எடுப்பவரிடமும் கொடுத்து வையுங்கள், அவருக்கும் ஊகித்துப் பதில் சொல்லும் தொல்லை இருக்காது. பார்வையற்றவருக்கு அறை எண் விரலில் தட்டுப்படுமா, காது கேளாதவர் அறையில் தீ எச்சரிக்கைக்கு விளக்கு எரியுமா என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

இதில் உங்களுக்கு வியாபாரமும் இருக்கிறது. பெரிய மருத்துவமனை உள்ள கிரீம்ஸ் சாலையைச் சுற்றியுள்ள விடுதிக்காரர்களுக்கு இது புரியும். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வந்து நாள்கணக்கில் தங்குகிறவர்களை அவர்கள் பார்க்கிறார்கள். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்த அம்மாவோடு வரும் மகனும் இதே கதவைத்தான் தேடுகிறார். நாங்கள் தனியாக வருவதும் குறைவு. ஒருவருக்குச் சரிப்பட்டால் குடும்பமே உங்களிடம் வரும்.

அளந்ததில் 60 சென்டிமீட்டர்தான் என்றால் 60 என்றே போடுங்கள். நான் வேறு விடுதி பார்த்துக்கொள்வேன், உங்கள் மேல் வருத்தம் இருக்காது. 75 என்று போட்டுவிட்டு 60-ஐக் காட்டினால் மட்டும் முன்பணத்தைத் திருப்பித் தர எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு சக்கர நாற்காலிப் பயணி