முட்டிக்கு பி.ஆர்.பி. ஊசி: பணம் வாங்கும் முன் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்

மலேசிய சுகாதார அமைச்சுக்கும் மருந்து விளம்பர வாரியத்துக்கும்,

வணக்கம். கோலாலம்பூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ வட்டாரத்திலிருந்து முட்டி வலி, தோள் வலி என்று வருகிற நம் மக்கள்தான் என்னிடம் அதிகம். அவர்களுக்காக ஒரே ஒரு கோரிக்கை. முட்டிக்கும் தசைநாணுக்கும் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) பி.ஆர்.பி. ஊசி, அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா ஊசி, போடும் தனியார் கிளினிக்குகள், காசு வாங்குவதற்கு முன்பே, எதற்காகப் போடுகிறோம், எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்பதை நோயாளிக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கட்டாயமாக்குங்கள்.

இந்த ஊசியை மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நம் கையிலிருந்தே ரத்தம் எடுக்கிறார்கள், இயந்திரத்தில் சுழற்றி, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் செறிந்த பகுதியைப் பிரிக்கிறார்கள், அதையே வலிக்கிற இடத்தில் செலுத்துகிறார்கள். பிளேட்லெட்டில் காயம் ஆறத் தூண்டும் புரதங்கள் இருப்பது உண்மை. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமைப் பயமும் குறைவு. ஆனால் தமிழிலேயே வலம் வரும் வீடியோக்கள் அதோடு நிற்பதில்லை. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளரும், ஆப்பரேஷனே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விடுகின்றன.

2021இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வைப் பாருங்கள். 50 வயதைத் தாண்டிய, ஆரம்ப அல்லது நடுத்தர முட்டித் தேய்மானம் உள்ள 288 பேர். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர், வாரம் ஒன்றாக மூன்று ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் பத்துக்கு இத்தனை என்ற வலிக் கணக்கில் பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது, உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8. இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குருத்தெலும்போ இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தது, 1.4 விழுக்காடும் 1.2 விழுக்காடும். 'ஊசி போட்டதும் வலி குறைஞ்சிச்சு' என்று என்னிடம் சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. உப்புநீர் போட்டவர்களுக்கும் குறையத்தானே செய்தது! அந்த இரண்டாவது செய்தியைத்தான் யாரும் அவர்கள் காதில் போடுவதில்லை.

தசைநாண் விஷயமும் அப்படித்தான். நாள்பட்ட குதிநாண் வலிக்கு பிரிட்டனில் 240 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பொய் ஊசிக்கும் பி.ஆர்.பி.க்கும் வேறுபாடு தெரியவில்லை. டென்னிஸ் எல்போ எனும் முழங்கைத் தசைநாண் வலியில் முதலில் சில ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கையும் நிலைக்கவில்லை. ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன. முட்டிக்குப் பலன் உண்டு என்று சொல்லும் சிறிய ஆய்வுகளும் உண்டு. அதனால்தான் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை.

செந்தூல்காரர், பள்ளிக் கேன்டீனில் சமைத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. மூன்று ரசீதை பிளாஸ்டிக் பையில் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்து காட்டினார். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) காசை எடுத்துக் கட்டியிருக்கிறார். ரசீதில் 'முட்டி பேக்கேஜ்' என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. எக்ஸ்ரேயில் தேய்மானம் எந்த நிலை என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லையாம். கையெழுத்து வாங்கிய பாரம் ஆங்கிலத்தில் இருந்ததாம். டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தேன். வலிக்கிற பக்கம் கண்ணுக்கே தெரியும்படி மெலிந்திருந்தது. கைப்பிடியை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. பத்துமலையில் 272 படி ஏற வேண்டும் என்பது அவருடைய ஆசை. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிதான் முட்டித் தேய்மானத்துக்கு எல்லா வழிகாட்டிகளும் முதலில் சொல்லும் சிகிச்சை. அத்தனை காசு கொடுத்தும் அதை ஒருவர்கூட அவருக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ஒரு பக்கத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். நோயின் பெயரும் நிலையும், எத்தனை ஊசி, மொத்தச் செலவு, ஊசிக்குப் பிறகு சில நாள் வலி கூடலாம், அபூர்வமாகக் கிருமித் தொற்று வரலாம் என்ற எச்சரிக்கை, உப்புநீரோடு ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவு, ஊசி இல்லாமல் வேறு என்ன செய்யலாம் என்பது. இன்னொன்றும் முக்கியம்: எவ்வளவு ரத்தம் எடுத்தார்கள், பிளேட்லெட் எத்தனை மடங்கு செறிந்தது, வெள்ளணுக்களை நீக்கினார்களா இல்லையா. பி.ஆர்.பி. என்ற ஒரே பெயரில் ஒவ்வொரு கிளினிக்கும் வேறுவேறு சரக்கைத் தருகிறது. முட்டி, இடுப்புத் தேய்மானத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2019இல் அழுத்தமாகச் சொன்னதற்கு இந்தச் சீரின்மையும் ஒரு காரணம்.

இதற்குப் புதுச் சட்டம் எழுத வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். சிகிச்சையில் உள்ள முக்கிய அபாயங்களை நோயாளியிடம் சொல்வது மருத்துவரின் கடமை என்று கூட்டரசு நீதிமன்றம் 2006லேயே தீர்ப்பளித்துவிட்டது. சிகிச்சை விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் கையில் இருக்கிறது. வாரியம் தமிழ் வீடியோக்களையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லத் தயங்குவதைத் தமிழில் தைரியமாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பக்கத்தின் மாதிரியை அமைச்சு மலாயில் வெளியிடட்டும். தமிழாக்கத்தை நானும் என் சக பிசியோதெரபிஸ்டுகளும் சம்பளம் எதுவும் வாங்காமல் செய்து தருகிறோம். அடுத்த தைப்பூசத்துக்கு முன் அது கிளினிக் கவுண்டர்களில் இருந்தால் நல்லது. முட்டி வலியோடு படியேறத் தயாராகிறவர்கள் ஊசி தேடிப் போகும் நேரம் அது.

இப்படிக்கு,
கோலாலம்பூரிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்