நரசிம்மன் ஒருவர் அல்ல, இருவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

லயோலா கல்லூரியில் பாதிரியார் ராசீனிடம் படித்த கணித மேதைகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் சேஷாத்ரியோடு சேர்ந்து 1965இல் புகழ்பெற்ற தேற்றத்தைத் தந்த எம்.எஸ். நரசிம்மனையும், சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2015இல் மறைந்த ராகவன் நரசிம்மனையும் ஒரே ஆளாக்கிவிட்டீர்கள். இருவருமே ராசீனின் மாணவர்கள், இருவருமே பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர்கள், குழப்பம் வருவது சகஜம்தான்.

ராகவன் நரசிம்மன் உழைத்தது பல கலப்பெண் மாறிகளில், அதாவது x + iy வடிவிலான எண்களை ஏற்கும் மாறிகள் பல கொண்ட சார்புகளில். ஒரே மாறி என்றால், 1ஐ அந்த மாறியால் வகுக்கும் சார்பு பூச்சியத்தில் மட்டும் கெட்டுப்போகும், மற்ற இடங்களில் ஒழுங்காக இருக்கும். மாறி இரண்டானால் அப்படி ஒற்றைப் புள்ளியில் மட்டும் கெடுகிற சார்பே கிடையாது, கெட்டால் ஒரு கோடு முழுக்கக் கெடும். பந்தின் உள்ளே, வெளிப்பரப்பைத் தொடாமல் ஓட்டை போட்டு, மிச்சத்தில் ஒரு பகுமுறைச் சார்பை, அதாவது எங்கும் ஒழுங்காக வகையிடக்கூடிய சார்பை, கொடுத்தால் அது தானாகவே ஓட்டைக்குள்ளும் நீண்டுவிடும். ஜெர்மானியக் கணித அறிஞர் ஹார்டாக்ஸ் 1906இல் கண்டது இது. சரி, அப்படி வெளியே நீளாமல் எந்தப் பகுதியின் விளிம்போடு ஒரு சார்பு நிற்கும்? அந்தப் பகுதி சூடோகான்வெக்ஸாக, அதாவது சாதாரணக் குவிவைவிடத் தளர்ந்த ஒரு வகைக் குவிவாக, இருந்தால் நிற்கும். அதை எத்தனை மாறிக்கும் 1953இல் நிறுவியவர் ஜப்பானின் ஓகா. கூர்முனைகள், முடிச்சுகள் உள்ள வெளிகளுக்கும் 1961, 62இல் கொண்டுபோனவர் நம் ராகவன் நரசிம்மன்.

எம்.எஸ்ஸி. வகுப்பில் எங்கள் பேராசிரியர் பலகையில் முந்திரிக்கொட்டை ஒன்றை வரைந்தார். குழிந்த பக்கத்தில் இரண்டு புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் கோடு வெளியே போய்விடும், அதனால் அது குவிவு அல்ல. ஆனால் விளிம்பு கண்டிப்பான சூடோகான்வெக்ஸாக இருந்தால், எந்தப் புள்ளியின் பக்கத்திலும் ஆயத்தொலைவுகளை மாற்றி எழுதி அந்த இடத்தைச் சாதாரணக் குவிவாகவே ஆக்கிவிடலாம் என்றார். பாடநூல்களில் இதற்கு நரசிம்மன் துணைத்தேற்றம் என்றே பெயர். அந்தக் ‘கண்டிப்பான’ என்ற சொல்லை விட்டால் கதை கந்தல், 1973இல் கோனும் நிரென்பர்க்கும் எதிர்க்காட்டு கொடுத்துவிட்டார்கள்.

திருத்தம் போடும்போது இனிஷியலோடு விடாமல் ராகவன் என்று முழுப்பெயராகவே போடுங்கள். ஆறாம் பக்க மூலையில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தஞ்சாவூர்