உறையில் ஒரு வரி அச்சிடுங்கள்

கிருமிநாசினி சோப்பு தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். '99.9 சதவீதக் கிருமிகளை அழிக்கும்' என்ற உங்கள் வாக்கை நம்பியவர்களில் நானும் ஒருத்தி. நம்பியதன் பலனை என் மகளின் கையில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அவளுக்கு எட்டு வயது, கரப்பான் (எக்ஸிமா) உள்ள தோல். விளம்பரத்தில் நெளியும் பச்சைப் பூதங்களைப் பார்த்துப் பயந்து நாளுக்குப் பத்துத் தடவை கை கழுவினாள். 'இன்னொரு தடவை போடும்மா' என்று பக்கத்தில் நின்றவள் நான்தான். மூன்றாவது வாரம் விரல் மடிப்புகள் வெடித்தன. பெருக்கல் கணக்குக்குப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம். விரலை மடக்க முடியாமல், பென்சிலைக் கரண்டி மாதிரி உள்ளங்கையில் பிடித்து எழுதியிருந்தாள். மருத்துவர் முதலில் கேட்டதே, 'என்ன சோப்பு போடுறீங்க?'

தோலில் குடியிருப்பதெல்லாம் எதிரி அல்ல என்பது உங்கள் ஆய்வகத்துக்குத் தெரியாததா? ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற தோல் பாக்டீரியாவின் சில வகைகள், புண்ணைச் சீழாக்கும் அதன் உறவுக்கார பாக்டீரியா ஆரியஸை அண்டவிடாத பொருள்களைச் சுரக்கின்றன. பருவுக்குப் பேர்போன ஆக்னஸ் பாக்டீரியாகூட எண்ணெய்ப் பசையைச் சிதைத்து, தோலின் பி.எச். (அமில, காரத்தன்மை) அளவு அமிலப் பக்கம் 5-ஐ ஒட்டியே இருக்க உதவுகிறது. வழக்கமான சோப்புக்கட்டியோ காரப் பக்கம் 9, 10; அந்த அமிலக் காப்பைக் குலைத்துவிடும். கரப்பான் தோலில் மளமளவென்று பெருகுவது அந்த ஆரியஸ்தான்.

எல்லாம் சாதுக்கள் என்று நான் வாதாட வரவில்லை. நல்லபிள்ளை எபிடெர்மிடிஸே ரத்தக்குழாயில் செருகிய ட்யூப் வழியாக உள்ளே போனால் ஆளைச் சாய்த்துவிடும். அறுவை அரங்குக்குக் கிருமிநாசினி வேண்டும். சாப்பிட உட்காரும் பிள்ளைக்குச் சாதாரண சோப்பு போதாதா? 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி உட்பட 19 பொருள்களைக் கழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியதும், வெறும் சோப்பையும் தண்ணீரையும்விட இவை மேல் என்று யாரும் நிரூபிக்காததால்தானே?

நான் கேட்பது ஒரு வரி. உறையில் பி.எச். எவ்வளவு, அந்த 99.9 எந்தக் கிருமியின்மேல் எத்தனை வினாடி சோதித்துக் கிடைத்தது என்று அச்சிடுங்கள். ரோஜாப்பூ போட இடம் இருக்கிறது, இதற்கு இல்லையா? இப்போது தரைக்கு, துணிக்கு, தலையணைக்கு என்று எங்கும் கிருமி வேட்டை. விட்டால் முத்தத்துக்கும் ஒரு ஸ்பிரே வரும். மீதி 0.1 சதவீதத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள், கேஸ் வந்தால் காட்டவா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். தயவுசெய்து அந்த ஒரு வரியை, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில், அடுத்த உறையிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்