மொட்டை அடிக்கச் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் திருப்பூர் வாசகர் ஒருவர், தன் வீதியில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை யாரோ மொட்டையடித்துவிட்டுப் போனதைப் பற்றிக் கொதித்துப்போய் எழுதியிருந்தார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் 'கூலிக்கு வரும் ஆட்களுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்தக் கூலி ஆட்களில் நானும் ஒருவன். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் தென்னை ஏறியும் மற்ற மரங்களில் கிளை கழித்தும்தான் என் குடும்பம் ஓடுகிறது.

மொட்டை அடிக்கச் சொல்வது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். வைகாசி பிறந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் என்ன ஆட்டம் போடும் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டை ஒட்டிப் பெரிய மரம் இருந்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். "அண்ணா, பாதியோட வெட்டி உட்ருங்க, ரெண்டு வருசத்துக்கு நிம்மதி" என்பார்கள். அந்த இரண்டு வருசம் நிம்மதியாகத்தான் இருக்கும். மூன்றாவது வருசம்தான் வினை. மொட்டை அடித்த இடத்தைச் சுற்றிப் பட்டைக்குக் கீழிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். இயல்பாக வளர்ந்த கிளை உள்மரத்தோடு பின்னிப் பிணைந்திருக்கும். இந்தத் துளிருக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, மேலாக ஒட்டிக்கொண்டுதான் வளரும். வளருவதோ படு வேகம். அது கைத்தடிமன் ஆவதற்குள் வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு ஆடிக்காற்றில் அந்தக் கிளை கார் மேல் விழும். 'போன தடவை நல்லா வெட்டல போல' என்று என்னையே திரும்பவும் கூப்பிடுவார்கள்.

'முருங்கையை ஒடித்து வளர்' என்று பெரியவர்கள் சொன்னது முருங்கைக்கு. கிளுவை வேலிக்கும் அகத்திக்கும்கூடப் பொருந்தும். சின்னதிலிருந்து அடிக்கடி வெட்டுப்பட்டே வளர்ந்தவை அவை. அதையே நாற்பது வருச வேம்புக்கும் வாகைக்கும் போட்டுப் பார்த்தால் எப்படி?

அப்படியானால் எப்படிக் கழிப்பது? மரத்தடிக்குப் போனதும் நான் கொடுவாளை எடுப்பதில்லை. முதலில் மரத்தை ஒரு சுற்று சுற்றி வருவேன். அடியில் காளான் பூத்திருக்கிறதா, வேர்ப்பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். கொடுவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அடிமரத்தைத் தட்டினால், உள்ளே பொந்து இருந்தால் சத்தமே சொல்லிவிடும். கவட்டையையும் பார்க்க வேண்டும். அகலமாக விரிந்த கவட்டை பலமானது. இரண்டு கிளையும் நெருக்கியடித்து, நடுவில் பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால் அங்கே பிடிப்பு குறைவு. அதில் கயிறு போட்டுத் தொங்க மாட்டேன். தேன்கூடு இருக்கிறதா, குருவி கூடு கட்டியிருக்கிறதா என்பதையும் கீழே நின்றே பார்த்துவிட வேண்டும். மலைத்தேனீ கூட்டை மேலே போய்க் கண்டுபிடித்தால் இறங்கி வர நேரம் இருக்காது. மரத்துக்கு மரம் குணமும் வேறு. புளி வளையுமே தவிர லேசில் ஒடியாது. முருங்கையில் ஏறச் சொன்னால் எவ்வளவு கூலி தந்தாலும் கும்பிடு போட்டுவிடுவேன். தொரட்டி இருக்கும்போது அதில் எதற்கு ஏற வேண்டும்?

இனி அறுப்பைச் சொல்கிறேன். கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் சதை திரண்டு ஒரு வளையம் இருக்கும். அதை நாங்கள் கழுத்து என்போம். கழுத்தை வெட்டவும் கூடாது, அதிலிருந்து முழ நீளத்துக்கு மொட்டைக்குச்சி விடவும் கூடாது. கழுத்துக்கு வெளியே, அதை ஒட்டி அறுக்க வேண்டும். பெரிய கிளையை ஒரே அறுப்பில் மேலிருந்து அறுத்தால் பாதியிலேயே பாரம் தாங்காமல் தொங்கிவிடும். தொங்கும்போது அடிமரத்துப் பட்டையையும் கீழ்நோக்கி உரித்துக்கொண்டு போய்விடும். அதனால் கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் அடியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் அறுத்துவிடுவோம். அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் முறியும். கடைசியாக, மிச்சமிருக்கும் கட்டையைக் கழுத்தோரம் அறுத்து எடுத்தால் வேலை சுத்தம். ஒன்றுக்கு மூன்று அறுப்பு என்பதால் நேரம் ஆகும். வெட்டின இடத்தில் பெயின்ட் அடிக்கவா, தார் பூசவா, சாணி அப்பவா என்று கேட்காதவர்கள் இல்லை. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் கட்டி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. கழுத்தைக் காயப்படுத்தாமல் விட்டால் அந்த வேலையை மரமே பார்த்துக்கொள்ளும். பெயின்ட் நம் மனசு ஆறுவதற்குத்தான்.

கீழே வீடோ மதிலோ இருந்தால் கிளையைச் சும்மா விழவிட முடியாது. மேலே பலமான கவட்டையில் வடக்கயிற்றைப் போட்டுக் கிளையைக் கட்டிவிட்டு, கீழே நிற்பவர் மறுமுனையை அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பிடிப்பார். பாரம் நிற்பது அந்தச் சுற்றில்தான். கைப்பலத்தை நம்பினால் ஆளே மேலே போய்விடுவார். கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொள்கிற ஆளை நான் அடுத்த வேலைக்குக் கூப்பிடுவதில்லை, சொந்தக்காரனாக இருந்தாலும் சரி.

காற்றுக்குப் பயந்தால் மரத்தைக் குட்டையாக்க வேண்டியதில்லை. காய்ந்ததையும், ஒன்றோடொன்று உரசுவதையும், கூரைப் பக்கம் நீள்வதையும் எடுத்துவிட்டால் காற்று ஊடே புகுந்து போய்விடும். நாலில் ஒரு பங்கு பச்சைக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. உள்பக்கத்துச் சிறு கிளைகளையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் தழை விடுவதும் தப்பு. பாரம் முழுவதும் நுனிக்குப் போய், காற்றில் கிளை சாட்டையாக வீசி முறியும். இதில் சங்கடம் என்னவென்றால், ஒழுங்காகக் கழித்த மரத்தைப் பார்த்தால் வேலை நடந்த மாதிரியே தெரியாது. "ஏனுங்க, இத்தனை காசு வாங்கிட்டு இத்தினியூண்டுதான் வெட்டுனீங்களா?" என்று கேட்காத வீடு குறைவு. மொட்டை அடிக்கும் ஆள் அரை நாளில் முடித்துவிட்டு விறகையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கூலியும் குறைவு, வெட்டினதும் கண்ணுக்குத் தெரிகிறது. திருப்பூர் வாசகர் இதையும் யோசித்துப் பார்க்கட்டும். (மரத்தில் விளம்பரப் பலகை அடிப்பவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். அவர்கள் அடித்த ஆணியைப் பட்டை மூடிவிடுகிறது. ஒரு ஆணியில் பட்டால் போதும், செயின்சாவின் செயின் போச்சு.)

தென்னையிலும் இதே கதைதான். கார் நிறுத்தும் இடத்தில் மட்டை விழுகிறது என்று பச்சை மட்டையையும் சேர்த்து வெட்டச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மட்டை இடுக்கிலும் ஒரு பாளை வருகிறது. பச்சையை வெட்டினால் காய்ப்புக் குறையும். அதோடு போவதில்லை. பச்சைக்காயத்தின் வாசனைக்கு, தென்னையை உள்ளே குடைந்து தின்னும் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டை வைக்கும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் அடிமரத்திலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நாலடி மட்டையை விட்டு வெட்டச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். வேர் வாடலும் வெள்ளை ஈயும் ஏற்கெனவே தோப்புகளைப் பாடாய்ப் படுத்துகின்றன. இதில் கூன்வண்டையும் நாமே கூப்பிட வேண்டாம். ஏற வசதியாக மரத்தில் படி வெட்டும் பழக்கமும் வேண்டாம். தென்னைக்குப் பட்டை வளர்ந்து மூடும் தன்மை கிடையாது. வெட்டின படி கடைசி வரை அப்படியே இருக்கும்.

தென்னை ஏறும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தென்னை வளர்ச்சி வாரியத்தில் கேர சுரக்ஷா என்று ஒரு விபத்துக் காப்பீடு இருக்கிறது. விசாரித்து எடுத்து வையுங்கள்.

எனக்கு உயரத்தைவிடக் கம்பிதான் பயம். இரும்பு, அலுமினியத் தொரட்டி மின்கம்பியில் பட்டுச் செத்தவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. ஈரக் கிளை கம்பியில் சாய்ந்தாலும் மின்சாரம் பாயும். "கரண்டெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா ஒரு கிளைதானே" என்று அவசரப்படுத்துபவர்கள் கீழே நிற்கிறார்கள், மேலே இருப்பது நான். லைன்மேன் வந்து லைனை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் பண்ணின பிறகுதான் கம்பிப் பக்கம் கை வைப்பேன். மின்தடை நாள்தானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. பக்கத்தில் எங்காவது ஜெனரேட்டரைச் சரியான சுவிட்ச் இல்லாமல் இணைத்திருந்தால் மின்சாரம் திரும்பி லைனுக்கு வந்துவிடும்.

இதற்காகத்தான் உங்களிடம் ஒரு விண்ணப்பம். 'நாளைய மின்தடை' என்று ஊர்ப் பட்டியல் போடுகிறீர்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டு ஆள் சேர்த்து, லைன்மேனைப் பிடித்து, வீட்டுக்காரரிடம் சொல்வதற்குள் அந்த நாள் கிட்டத்தட்டப் போய்விடுகிறது. விவரம் முன்கூட்டியே கிடைக்குமானால் இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போடுங்கள். கம்பியோர வேலைகளையெல்லாம் அந்த நாளுக்கே ஒதுக்கி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மரம் ஏறும் தொழிலாளி,
கிணத்துக்கடவு.