இருபாலர் பள்ளி: ஆய்வகத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்ற பிரிவினையே வேண்டாம், எல்லாவற்றையும் இருபாலர் பள்ளிகளாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றிலும், பிறகு மாறுதலாகிப் போன கிராமத்து இருபாலர் பள்ளியிலும் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவள் நான். கட்டுரையாளரின் கருத்தை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அவர் பள்ளி வாசலோடு நின்றுவிட்டார், ஆய்வகத்துக்குள் வரவில்லை.

பெண்கள் பள்ளியில் மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜ் சோதனை என்றால், ஒயர் நுனியை உப்புத்தாளால் தேய்ப்பது முதல் எல்லாமே பிள்ளைகள்தான். ரெசிஸ்டன்ஸ் பாக்ஸில் பிளக்கை எடுப்பாள் ஒருத்தி, ஜாக்கி என்ற தொடுமுனையைக் கம்பியில் தொட்டுத் தொட்டு நகர்த்துவாள் இன்னொருத்தி. மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் ஒரே பக்கமாக ஓடினால், "கனெக்‌ஷன் லூஸுடி" என்று அவர்களே திருகை முடுக்குவார்கள்.

இருபாலர் பள்ளியில் கண்டது வேறு. பையன்கள் மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். பெண்பிள்ளைகள் அப்சர்வேஷன் நோட்டோடு பின்னால் நிற்பார்கள். "அவங்க பண்ணட்டும் மிஸ், நாங்க ரீடிங் எழுதிக்கிறோம்." கட்டம் போட்டு, சராசரி கண்டு, பையன்களின் கணக்கையும் சேர்த்து முடித்துக் கொடுப்பது இவர்கள்தான். யாரும் விரட்டவில்லை, தடுக்கவும் இல்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகவே அப்படி அமைந்துவிடுகிறது. அதன் பலன் செய்முறைத் தேர்வன்று தெரியும். அன்றைக்கு அவரவர் தனியாகத்தான் செய்தாக வேண்டும். எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முதலாக வரும் பெண், வெளிப்பள்ளித் தேர்வாளர் முன்னால் எந்த ஒயரை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் திகைத்து நின்றதைப் பார்த்து எனக்கு மனம் ஆறவே இல்லை.

அதன் பிறகு ஆய்வகத்தில் ஒரு ஒழுங்கு வைத்தேன். மேசைக்கு இரண்டு பையன், இரண்டு பெண். ஒரு ரீடிங் முடிந்ததும் இணைப்பு முழுவதையும் கழற்றிவிட வேண்டும். மற்ற இருவர் மறுபடி மாட்ட வேண்டும். நோட்டும் கைமாறும். முதலில் இரு பக்கமும் முணுமுணுப்புதான். "பெத்தவங்க வந்து கேட்டா என்ன சொல்வீங்க டீச்சர்?" என்று தலைமையாசிரியரும் தயங்கினார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா வந்து கேட்கத்தான் செய்தார். அவரை ஆய்வகத்துக்கே கூட்டிப்போய், மகள் இணைப்பு கொடுப்பதைக் காட்டினேன். "எங்க வீட்டு மிக்ஸியையும் இவளே பாத்துருவாளா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பல இருபாலர் பள்ளிகளில் பிரேயருக்குத் தனி வரிசை, ஏறி இறங்கத் தனி மாடிப்படி, பையனும் பெண்ணும் பேசினால் விசாரணை. இப்படி நடத்துவதற்கு இரண்டு பள்ளியாகவே இருந்துவிட்டுப் போகலாம். எங்கள் புதுக்கோட்டையில் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணிந்து இடம் கொடுத்தார். அந்தப் பெண்தான் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த ஊரில் இன்றைக்கு இந்தப் பயம் எதற்கு?

அதே சமயம், ஒரே ஆணையில் எல்லாப் பள்ளிகளையும் மாற்றிவிடவும் கூடாது. கேரளத்தில் 2022இல் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், அடுத்த கல்வியாண்டிலிருந்து இருபாலர் பள்ளிகளே போதும் என்றது. அரசோ, பெற்றோர் ஆசிரியர் கழகமும் உள்ளாட்சியும் சம்மதிக்கும் பள்ளிகளில் மட்டும் மாற்றலாம் என்றது. நமக்கும் அதுவே சரி. 'பெண்கள் பள்ளி' என்பதற்காகவே மகளைப் பத்தாம் வகுப்புக்கு மேல் அனுப்பும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறைகூட இல்லாமல் பள்ளிகளை இணைத்தால், முதலில் பள்ளியை விட்டு நிற்பது அந்தப் பிள்ளைகள்தான்.

மாற்றுகிற பள்ளிகளில், செய்முறை வகுப்புக்குக் கலந்த குழுக்கள் அமைத்து முறைமாற்றிக் கருவிகளைக் கையாள வைக்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். ஆய்வுக்கு வரும் முதன்மைக் கல்வி அலுவலர்கள் வருகைப் பதிவேட்டோடு திரும்பிவிடாமல், ஒரு பாடவேளை ஆய்வகத்தில் நின்று, ஜாக்கி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை (இயற்பியல்),
புதுக்கோட்டை.