கொளுக்கி எங்கே?

மாங்குளம்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகள் கம்பசுக்கு எடுபட்டது பெரிய சந்தோசம். இங்கே மழை பிந்தி, விதைப்பும் பிந்திவிட்டது. மற்றபடி சுகம்.

போன மாதம் அம்மாவை யாழ்ப்பாணத்துக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது இருட்டிவிட்டது. முறிகண்டியில் வழமைபோலப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டோம். ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை, நடு றோட்டில் எருமை ஒன்று படுத்திருக்கிறது. பிறேக்கை உழக்கினேன். மாட்டில் படவில்லை. என்னைச் சீற் பெல்ற் இறுக்கிப் பிடித்தது. பின்னாலிருந்த அம்மா கச்சான் சரையோடு வந்து என் சீற்றில் மோதினார். முன்பல் ஒன்று போச்சு. “பிள்ளையார் காப்பாற்றினார்” என்கிறார். எருமையைத்தான் என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பின்சீற் பெல்ற்றைத் தேடினேன். கொளுக்கி, கார் வாங்கிய புதிதில் தைத்துப் போட்ட சீற் கவருக்குள் புதைந்து கிடந்தது. பிளேட்டால் வெட்டித்தான் வெளியே எடுத்தேன். இத்தனை வருடம் அந்தக் கவரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன், பார்.

முன்சீற்றில் பெல்ற் போடவேண்டும் என்று 2011 முதல் சட்டம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் பொலிஸைக் கண்டால் இழுத்துப் பிடிப்பார்கள், தாண்டியதும் விட்டுவிடுவார்கள். போடாவிட்டால் கார் கீச்சிடுகிறதென்று பெல்ற்றை முதுகுக்குப் பின்னால் கொழுவிவிட்டு அதன்மேல் சாய்ந்திருப்பவர்களும் உண்டு. ஏ9 றோட்டு குண்டும் குழியுமாய்க் கிடந்தபோது உருட்டி உருட்டி ஓடினோம். இப்போது காப்பெற் றோட்டில் எழுபது ஓடுவதே தெரிவதில்லை. கார் நின்றாலும் உள்ளிருக்கிற உடம்பு அதே எழுபதில்தான் முன்னால் போகும். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரையும் சேர்த்து நெரிப்பார். தோளுக்கும் இடுப்புக்குமாய் வரும் இந்தப் பெல்ற்றை 1959-இல் சுவீடனின் வொல்வோ கம்பனியில் நில்ஸ் போலின் என்பவர் கொண்டுவந்தார். மற்றக் கம்பனிகளும் பாவிக்கட்டும் என்று அதைப் பொதுவில் விட்டார்கள். சும்மா வந்ததாலோ என்னவோ எங்களுக்கு அருமை தெரியவில்லை.

நீ ஹயர் ஓடுகிறவன், அதுதான் எழுதுகிறேன். “பெல்ற்றைப் போடுங்கோ” என்றால், “ஏன், உம்முடைய ஓட்டத்தில் நம்பிக்கை இல்லையோ?” என்று சிரிப்பார்கள். ஓட்டத்தில் இருக்கிறது, எருமையில்தான் இல்லை என்று சொல். கர்ப்பிணிகள் ஏறினால் இடுப்புப் பட்டி வயிற்றுக்குக் கீழே வரவேண்டும், அதையும் கவனி.

அம்மா இப்போது ஏறியதும் தானே கொழுவிக்கொள்கிறார். பல் கட்டுகிற காசுதான் என் தலையில். அரிவு வெட்டு முடிய ஒருக்கால் வந்து போ. வானின் சீற் கவரையும் ஒருமுறை தூக்கிப் பார்.

அன்புடன்,
சிவா