தீசிஸா, தேர்வா?

அன்புள்ள மகளுக்கு,

"கணித முதுகலைக்குத் தீசிஸ் எழுதட்டுமா, இல்லை தேர்வு எழுதி முடித்துவிடட்டுமா அம்மா?" என்று முந்தாநாள் கேட்டாய். ஃபோனில் அவசரமாக ஏதோ சொல்லிவிட்டேன். அதன்பிறகு, நீ அனுப்பிய துறை விதிகளை இரண்டு முறை படித்தேன்.

கணக்கு எளிதுதான். மொத்தம் 30 கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் பாடங்கள் பத்து. சராசரி 'பி'க்குக் கீழே இறங்கக் கூடாது. தீசிஸ் எழுதினால் அதற்கே 6 கிரெடிட், பாடங்கள் எட்டு போதும். எழுதாவிட்டால் பத்துப் பாடமும் படித்து, படித்ததையெல்லாம் சேர்த்துக் கேட்கும் காம்ப்ரிஹென்சிவ் தேர்விலும் தேற வேண்டும். இளங்கலை மாணவர்களும் உட்காரும் வகுப்புகளில் எத்தனையை உன் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதை மட்டும் வழிகாட்டியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். கடைசிப் பருவத்தில் ஒரு பாடம் குறைகிறது என்று தெரிந்தால் தவித்துப்போவாய்.

உன் தயக்கம் எனக்குப் புரிகிறது. புதிதாக ஒரு தேற்றம் கண்டுபிடிக்க வேண்டுமோ என்று பயப்படுகிறாய். முதுகலையில் பெரும்பாலும் அப்படி யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஏற்கெனவே நிரூபித்த ஒன்றை எடுத்து, சிதறிக் கிடக்கும் நிரூபணங்களை ஒன்றுசேர்த்து, விட்டுப்போன படிகளை நிரப்பி, நாலைந்து எடுத்துக்காட்டுகளைக் கடைசிவரை போட்டுப் பார்த்துத் தெளிவாக எழுதினால் அதுவே நல்ல தீசிஸ். அதனால் தீசிஸையே எடு என்கிறேன். ஆனால், தேர்வு எழுதப்போகிறவள் போலவே அனாலிசிஸையும் அல்ஜீப்ராவையும் படி. நாளைக்குப் பிஎச்.டி.க்குப் போனால் தகுதித் தேர்வில் பெரும்பாலும் முதலில் கேட்பது இந்த இரண்டும்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் வாய்மொழித் தேர்வில், எல்லையையும் (லிமிட்) தொகையீட்டையும் (இன்டெக்ரல்) இடம் மாற்றும், பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெபேக்கின் தேற்றத்தைக் கேட்டார்கள். நிரூபணத்தை மளமளவென்று சொன்னேன். "எல்லாச் சார்புகளுக்கும் (ஃபங்க்ஷன்) மேலே, தொகையிடக்கூடிய ஒரே சார்பு இருக்க வேண்டும் என்கிறாயே, அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார் ஒருவர். எனக்குப் பேச்சே வரவில்லை. மனப்பாடம் செய்தவளிடம் அதற்கு விடை இருக்காது.

விடை இவ்வளவுதான். ஒவ்வொரு சார்பையும் ஒரு செவ்வகமாக வரை; அதன் பரப்புதான் தொகையீடு. 0-இல் தொடங்கி (0-ஐச் சேர்க்காமல்) நூறில் ஒரு பங்கு அகலத்துக்கு, 100 உயரத்தில் ஒரு செவ்வகம். அடுத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு அகலம், 1000 உயரம். இப்படியே போகட்டும். ஒவ்வொன்றின் பரப்பும் 1. ஆனால் எந்தப் புள்ளியை எடுத்தாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு செவ்வகம் அதைத் தாண்டி இடப்பக்கம் ஒடுங்கிவிடும்; அங்கே சார்பின் மதிப்பு 0. எல்லைச் சார்பின் பரப்பும் 0. பரப்புகளின் எல்லையோ 1. இதை அன்றிரவு தாளில் வரைந்து பார்த்தபோதுதான் அந்த நிபந்தனை எதற்காக அங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. லெபேக் தன் தொகையீட்டை 1902இல் முனைவர் பட்ட ஆய்வேடாகத்தான் எழுதினார் தெரியுமா? ஒரு மாணவரின் தீசிஸ்!

அதனால் ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, எங்கே உடைகிறது என்று பார். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுது. பாதியில் நின்றால், நின்ற இடத்தைக் குறித்துவை. தீசிஸ் வழிகாட்டியிடம் போகும்போது அந்தத் தாளையே கொண்டுபோ. நல்ல ஆசிரியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பட்டம் பெறுவதற்கான விண்ணப்பத்துக்குத் தனியாகக் கடைசித் தேதி இருக்கும். கடைசிப் பருவம் தொடங்கியதுமே கேட்டுவை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, 15 உறுப்புகள் உள்ள எந்தக் குலமும் (குரூப்) ஏன் சுழல் குலம்தான், அதாவது ஒரே உறுப்பிலிருந்து முழுதும் உருவாவதுதான் என்று, அல்ஜீப்ராவின் சைலோ தேற்றங்களை வைத்து எனக்குச் சொல். நானும் இங்கே தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா